பாப்வா செவ்கோலம்

செவ்சங்கர் பாப்வா செவ்கோலம் (1928 – 1978) தென்னாபிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த, இந்திய வம்சாவளிக் குழிப்பந்தாட்ட வீரர் ஆவார். கோல்ஃப் என்று பரவலாக அறியப்படும் இவ்விளையாட்டில் இவர் டச்சு ஓப்பன் போட்டியை மூன்று முறையும் (1959, 1960, 1964), நேட்டால் ஓப்பன் போட்டியை இரு முறையும் (1963, 1965) வென்றார். எழுதப் படிக்கத் தெரியாத இவர், பிறருக்கு மட்டைப்பை சுமந்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர். 1963 ஆம் ஆண்டு வெற்றிக்குப் பின், இனவொதுக்கல் சட்டங்களின் காரணமாகக் கழக மனைக்குள் அனுமதிக்கப்படாமல், மழையில் வெளியே நின்று பரிசு பெற்ற நிகழ்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. 1966 ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு அரசு இவர் போட்டிகளில் ஆடுவதைத் தடை செய்தது.

பின்னணி

தென்னாபிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு 1860 முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். முதல் கப்பலான துரூரோ சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அடுத்து வந்த கப்பல்கள் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஆட்களை ஏற்றிச் சென்றன. சென்னை வழியாகச் சென்றோருள் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தினர் குறிப்பிடத்தக்க தொகையினர். இன்று தமிழ்நாட்டின் ஆந்திர எல்லையில் அமைந்துள்ள அம்மையார்குப்பம், திருத்தணி சுற்றுவட்டாரம் 1911 வரை அம்மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. கல்கத்தா வழியாக வந்தோர் போச்புரி, அவதி முதலிய மொழிகளைப் பேசிய வட இந்தியர் ஆவர்.

கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னர் இவர்களுள் பலர் டர்பன் நகரின் ஓரங்களில் குடியேறினர். காய்கறிப் பயிர் செய்தல், மீன் பிடித்தல், ஆலை வேலை, உணவகப் பணி, வீட்டு வேலை ஆகியவை இவர்களின் தொழில்களாயின. தமிழரும் தெலுங்கரும் வட இந்தியரும் அருகருகே வாழ்ந்த இச்சமூகத்தில்தான் செவ்கோலம் பிறந்தார். இவருடைய பெயர் வட இந்திய மரபைச் சேர்ந்தது. செவ்சங்கர் என்பது சிவசங்கர் என்பதன் திரிபு ஆகும். பாப்வா என்பது இவருடைய அழைப்புப் பெயர். பிற்காலத்தில் இப்பெயரே உலகெங்கும் நிலைத்தது.

இளமையும் மட்டைப்பை சுமத்தலும்

செவ்கோலம் வறிய குடும்பத்தில் பிறந்தவர். மரக்கிளையிலிருந்து செய்யப்பட்ட ஒரு மட்டையைக் கொண்டு சிறுவனாக இருக்கும்போதே பந்தடிக்கத் தொடங்கினார். பயிற்சியாளர் எவரும் இவருக்கு இல்லை. டர்பனின் வடபகுதியில் உள்ள பீச்வுட் கழகத்தில் மட்டைப்பை சுமக்கும் பணியில் சேர்ந்தார். அக்கழகம் வெள்ளையர்களுக்கு மட்டுமே உரியது. இந்தியச் சிறுவர் அங்கே பணியாளராக நுழையலாம்; உறுப்பினராக முடியாது.

மட்டைப்பை சுமப்போரின் பணி பையைத் தூக்கிச் செல்வதோடு முடிவதில்லை. பந்து விழுந்த இடத்தைக் கண்டுபிடித்தல், தொலைவைக் கணித்தல், ஏற்ற மட்டையை எடுத்துக் கொடுத்தல், குழியில் நடப்பட்டுள்ள கொடிக்கம்பைப் பிடித்தல், பந்து உருளவேண்டிய வழியைச் சொல்லுதல் ஆகியவையும் அவர்களின் பணிகளே. வழியைச் சரியாகச் சொல்பவரை ஆட்டக்காரர் மறுநாளும் அழைப்பார். தவறாகச் சொல்பவருக்கு வேலை கிடைப்பது அரிது. ஆகவே நிலத்தின் போக்கை அறிவது அச்சிறுவர்களுக்குப் பொழுதுபோக்காக அன்றிப் பிழைப்பாக இருந்தது.

புல்தளத்தை வாசித்தல்

குழிப்பந்தாட்டத்தில் குழியைச் சுற்றி மிகக் குட்டையாகப் புல் வெட்டப்பட்டிருக்கும் பகுதி கிரீன் எனப்படும். பந்து இதனை அடைந்தபின் ஆட்டக்காரர் அதனை மேலே எழுப்பாமல், பட்டர் என்னும் தட்டையான மட்டையால் குழியை நோக்கி உருட்டுவார். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர் மட்டுமே. பொதுவாக 72 அடிகளில் முடிக்கவேண்டிய ஒரு திடலில், ஒவ்வொரு கிரீனுக்கும் இரண்டு என 36 அடிகள் உருட்டலுக்காகவே ஒதுக்கப்பட்டுள்ளன. எனவே ஆட்டத்தின் பாதி இந்தச் சிறு புல்தளங்களில்தான் நிகழ்கிறது.

உருட்டலில் வெற்றி பெறுவதற்குக் கையின் திறமை மட்டும் போதாது. பந்து எவ்வழியே செல்லும் என்பதை அடிப்பதற்கு முன்பே அறியவேண்டும். இதனையே கிரீனை வாசித்தல் என்பர். இதில் கவனிக்கப்படுபவை பின்வருமாறு:

சரிவு: தட்டையாகத் தோன்றும் தளங்களும் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். மழைநீர் வடிவதற்காக அவ்வாறு அமைக்கப்படுகின்றன. இத்தளத்தில் தண்ணீரை ஊற்றினால் எப்பக்கம் ஓடும் என்று எண்ணிப் பார்ப்பது பழைய முறை. சரிவின் தாழ்ந்த பக்கத்திலிருந்து நோக்கினால் அதன் அளவு தெளிவாகப் புலப்படும். கண் ஏமாந்தாலும் நடக்கும்போது பாதம் சரிவை உணர்ந்துவிடும்.

வேகம்: விரைந்து செல்லும் பந்து சரிவால் குறைவாகவே வளையும். வேகம் குறையக் குறைய வளைவு கூடும். ஆகவே ஒரு நீண்ட உருட்டலில் பந்து மிகுதியாக வளைவது குழியை நெருங்கும் கடைசிப் பகுதியில்தான். எவ்வளவு வலிமையுடன் அடிப்பது என்று தீர்மானிக்காமல் எங்கே குறிவைப்பது என்று தீர்மானிக்க இயலாது.

புல்லின் சாய்வு: டர்பன் போன்ற வெப்பமான கடற்கரை ஊர்களில் வளரும் புல்வகைகள் தரையோடு படர்ந்து ஒரு திசையில் சாய்ந்து வளர்பவை. சாய்ந்த திசையில் பந்து விரைந்தும், எதிர்த்திசையில் தயங்கியும் செல்லும். குறுக்கே சென்றால் புல் சாய்ந்த பக்கமாக இழுக்கப்படும். புல் நம்மை விட்டு அப்பால் சாய்ந்திருந்தால் தளம் வெளிறிப் பளபளக்கும். நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தால் கருமையாகத் தோன்றும்.

ஈரம்: காலைப் பனியும் மழையும் பந்தின் வேகத்தைக் குறைக்கும். வேகமாக அடிக்க வேண்டியிருப்பதால் அத்தகைய தளத்தில் வளைவும் குறையும். வெயிலில் தளம் காயும்போது இது மாறிவிடும். ஒரே கிரீன் காலையில் ஒருவாறும் பிற்பகலில் வேறுவாறும் நடந்துகொள்ளும்.

ஆட்டத்தின்போது தளத்தைக் கையால் தேய்த்தோ, வேறொரு பந்தை உருட்டியோ சோதிப்பதை விதிகள் தடை செய்கின்றன. எனவே கண்ணும் காலும் நினைவுமே ஆட்டக்காரருக்குத் துணை. மட்டைப்பை சுமப்பவர் ஒரே தளத்தில் நாள்தோறும் பல ஆட்டக்காரர்களின் பந்துகள் உருள்வதைக் காண்கிறார். எந்தப் பந்து ஏன் தவறியது என்பதைத் தான் அடிக்காமலேயே அறிகிறார். எந்த நூலும் தராத பாடம் இது.

தென்னாபிரிக்காவைச் சேர்ந்த மற்றொரு வீரரான பாபி லாக் உருட்டலில் உலகப் புகழ் பெற்றவர். பிரித்தானிய ஓப்பன் போட்டியை 1949, 1950, 1952, 1957 ஆகிய ஆண்டுகளில் வென்ற இவர், குழியைச் சுற்றியுள்ள கடைசிச் சில அடித் தொலைவையே மிகவும் கவனித்துப் பார்ப்பதைத் தன் முறையாகக் கொண்டு, அதனை நூலாகவும் எழுதினார். செவ்கோலம் அவ்வாறு எதனையும் எழுதி வைக்கவில்லை. இவர் கற்றதும் ஏட்டிலிருந்து அன்று. இவ்விருவரும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் வாழ்ந்தும், அவர்கள் சென்ற கதவுகள் வேறுவேறாக இருந்தன.

கைப்பிடி

வலக்கை ஆட்டக்காரர்கள் பொதுவாக இடக்கையை மட்டைப்பிடியின் மேற்பகுதியிலும், வலக்கையை அதற்குக் கீழும் வைத்துப் பிடிப்பர். செவ்கோலம் இதற்கு நேர்மாறாக வலக்கையை மேலும் இடக்கையைக் கீழும் வைத்துப் பிடித்தார். திருத்துவதற்கு ஆசிரியர் எவரும் இல்லாத நிலையில் சிறுவயதில் அமைந்த இப்பிடியை இவர் இறுதிவரை மாற்றிக்கொள்ளவில்லை. இது இவருடைய பெயராலேயே செவ்கோலம் பிடி என்று அழைக்கப்படுகிறது.

முறையற்றதாகக் கருதப்பட்ட இப்பிடி, உருட்டலைப் பொறுத்தவரையில் பின்னாளில் பரவலாக ஏற்கப்பட்டது. இடக்கை கீழே இருக்கும்போது தோள்கள் சமமாக அமைகின்றன. அடிக்கும் நொடியில் இடது மணிக்கட்டு மடங்குவது குறைகிறது. இதனால் பந்து குறித்த திசையிலேயே புறப்படுகிறது. அமெரிக்காவின் சிம் ஃபியூரிக், சோர்டன் சிபீத் போன்ற முன்னணி வீரர்கள் உருட்டலுக்கு இவ்வகைப் பிடியையே கைக்கொண்டனர். ஆனால் அவர்கள் நீண்ட அடிகளுக்கு வழக்கமான பிடியைப் பயன்படுத்தினர். செவ்கோலம் எல்லா அடிகளுக்கும் ஒரே பிடியைப் பயன்படுத்தியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஐரோப்பிய வெற்றிகள்

வெள்ளையர் அல்லாதோருக்கெனத் தனியாக நடத்தப்பட்ட போட்டிகளில் செவ்கோலம் வெற்றிகள் பெற்று, டர்பன் இந்தியர்களிடையே அறியப்பட்டவரானார். எனினும் நாட்டின் முதன்மையான போட்டிகளில் பங்கேற்க இவருக்கு வழியில்லை. இந்நிலையில் டர்பனில் தொழிலதிபராக இருந்த கிரகாம் உல்ஃப் இவருடைய திறமையைக் கண்டு உதவ முன்வந்தார். ஓலே என்னும் முகப்பூச்சை உருவாக்கியவர் இவரே. உல்ஃபின் ஆதரவுடன் செவ்கோலம் 1959 ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்குச் சென்றார்.

அந்த முதல் பயணத்திலேயே நெதர்லாந்தில் நடைபெற்ற டச்சு ஓப்பன் போட்டியில் இவர் வெற்றி பெற்றார். இந்தியப் பெருங்கடற்கரையின் படர்புல்லில் பழகிய ஒருவருக்கு வட ஐரோப்பாவின் குளிர்ப்பகுதிப் புல் முற்றிலும் புதியது. அதன் இழைகள் மெல்லியவை; சாய்வின் இழுப்பு அதில் குறைவு. ஊரில் மனப்பாடமாக அறிந்திருந்த தளங்களின் உதவி இல்லாமல், புதிய தளத்தை அங்கேயே வாசித்து ஆடவேண்டிய இடத்தில் பெற்ற வெற்றி என்பதால் இது சிறப்பு வாய்ந்தது. அடுத்த ஆண்டும், பின்னர் 1964 ஆம் ஆண்டும் இவர் அதே பட்டத்தை வென்றார். 1963 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிதம் திடலில் நடந்த பிரித்தானிய ஓப்பன் போட்டியில் பதின்மூன்றாம் இடத்தைப் பெற்றார்.

ஐரோப்பாவில் இவர் மற்ற வீரர்களுடன் ஒரே மனையில் உடை மாற்றினார். ஒரே மேசையில் உணவருந்தினார். சொந்த நாட்டில் அதற்கு இடமில்லை.

1963 நேட்டால் ஓப்பன்

தென்னாபிரிக்காவில் 1950 ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் எந்த இனத்தவர் எங்கே வாழலாம், எந்த இடத்தைப் பயன்படுத்தலாம் என்பதை வரையறுத்தது. 1953 ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் பொது இடங்களிலும் இனங்களைப் பிரித்தது. வெள்ளையர் பகுதியில் உள்ள கழகம் ஒன்றில் பிற இனத்தவர் ஆடவேண்டுமாயின் அரசின் இசைவு தேவைப்பட்டது. 1963 ஆம் ஆண்டு டர்பன் கன்ட்ரி கழகத்தில் நடந்த நேட்டால் ஓப்பன் போட்டியில் ஆடுவதற்குச் செவ்கோலத்துக்கு இசைவு கிடைத்தது. ஆனால் அது திடலுக்கு மட்டுமே பொருந்தியது. உடை மாற்றவோ உணவருந்தவோ இவர் கழக மனைக்குள் நுழைய முடியாது.

நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளை ஆட்டக்காரர்கள் பங்கேற்ற அப்போட்டியில் செவ்கோலம் வெற்றி பெற்றார். பரிசளிப்பு நேரத்தில் மழை பெய்தது. விழா மனைக்குள் நடைபெற்றது. மற்ற வீரர்கள் உள்ளே இருந்தனர். அங்கே அவர்களுக்குப் பரிமாறிய பணியாளர்கள் இந்தியர்களே. வெற்றி பெற்ற செவ்கோலம் மட்டும் வெளியே மழையில் நின்று கோப்பையைப் பெற்றுக்கொண்டார். அது சன்னல் வழியாக நீட்டப்பட்டது என்றும் சொல்லப்படுவதுண்டு.

இந்நிகழ்வின் ஒளிப்படம் பல நாடுகளின் செய்தித்தாள்களில் வெளியானது. இனவொதுக்கல் என்பது என்ன என்பதைச் சட்டப் பிரிவுகளைப் படிக்காதவர்களும் அப்படத்தின் மூலம் புரிந்துகொண்டனர். தென்னாபிரிக்காவை விளையாட்டுத் துறையில் புறக்கணிக்கவேண்டும் என்னும் இயக்கம் வலுப்பெற்றுவந்த காலம் அது. 1964 ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்கு அந்நாட்டுக்கு விடுக்கப்பட்ட அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. 1970 ஆம் ஆண்டு பன்னாட்டு ஒலிம்பிக் குழுவிலிருந்து அந்நாடு வெளியேற்றப்பட்டது. 1992 ஆம் ஆண்டு பார்சிலோனாவில்தான் அது மீண்டும் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது.

1965 வெற்றியும் தடையும்

1965 ஆம் ஆண்டு செவ்கோலம் மீண்டும் நேட்டால் ஓப்பன் பட்டத்தை வென்றார். இம்முறை இவரிடம் தோற்றவர்களுள் கேரி பிளேயரும் ஒருவர். பிளேயர் அப்போதே பிரித்தானிய ஓப்பன் (1959), மாஸ்டர்ஸ் (1961), அமெரிக்கத் தொழில்முறைச் சாம்பியன் பட்டம் (1962) ஆகியவற்றை வென்று உலகின் முதல் வரிசையில் இருந்தவர். அதே 1965 ஆம் ஆண்டில் அமெரிக்க ஓப்பனையும் வென்று, நான்கு பெரும் பட்டங்களையும் பெற்ற மூன்றாவது வீரர் என்னும் பெருமையை அடைந்தார். அத்தகைய ஒருவரை, எழுத்தறியாத முன்னாள் மட்டைப்பை சுமப்பவர் வென்றது, வெள்ளையரின் மேன்மையை அடிப்படையாகக் கொண்ட ஆட்சிக்குச் சங்கடமாக அமைந்தது.

1966 ஆம் ஆண்டு முதல் செவ்கோலத்துக்கு இசைவு மறுக்கப்பட்டது. நாட்டின் முதன்மையான போட்டிகளில் ஆடுவதற்கு மட்டுமன்றி, அவற்றைப் பார்வையாளராகக் காண்பதற்கும் இவருக்கு அனுமதி இல்லை. கடவுச்சீட்டும் திரும்பப் பெறப்பட்டதால் வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் வழி அடைபட்டது. அப்போது இவருக்கு நாற்பது வயது கூட நிரம்பவில்லை. உருட்டலின் கூர்மை நாள்தோறும் நல்ல தளங்களில் ஆடுவதால் நிலைப்பது. தளங்களே மறுக்கப்பட்ட நிலையில் இவருடைய ஆட்டவாழ்வு முடக்கப்பட்டது.

மறைவு

வருவாய்க்கு வேறு தொழிலோ கல்வியோ இல்லாத செவ்கோலம் இறுதி ஆண்டுகளை வறுமையில் கழித்தார். 1978 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் மாரடைப்பால் காலமானார். இனவொதுக்கல் சட்டங்கள் நீக்கப்படுவதைக் காணும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை. தென்னாபிரிக்காவில் அனைத்து இனத்தவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் இவர் மறைந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1994 இல் நடைபெற்றது.

இந்தியாவில் ஒப்பிடத்தக்கோர்

மட்டைப்பை சுமந்தும் புல்தளம் பேணியும் ஆட்டத்தைக் கற்று உயர்ந்தோர் இந்தியாவிலும் உளர். தில்லி கழகத்தில் மட்டைப்பை சுமப்போர் நடுவே வளர்ந்த அலி சேர் 1991 ஆம் ஆண்டு இந்திய ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் ஆனார். கருநாடகத்தைச் சேர்ந்த சின்னசாமி முனியப்பா மட்டைப்பை சுமப்பவராகத் தொடங்கி, 2009 இல் அதே பட்டத்தை வென்றார். கொல்கத்தாவின் சிவ் சங்கர் பிரசாத் சௌராசியாவின் தந்தை ராயல் கல்கத்தா கழகத்தில் புல்தளங்களைப் பேணியவர். குழியருகே ஆடும் சிற்றடிகளிலும் உருட்டலிலும் பெற்ற திறமைக்காகச் சௌராசியாவுக்குச் சிப்புட்சியா என்னும் பட்டப்பெயரே ஏற்பட்டது. இவர்களுக்கும் வறுமை தடையாக இருந்தது. ஆயினும் வென்றவரை வெளியே நிறுத்தும் சட்டம் இவர்கள் நாட்டில் இல்லை. செவ்கோலத்தின் வாழ்வை வேறுபடுத்துவது இதுவே.

நினைவுகள்

டர்பன் நகரில் உம்கேனி ஆற்றங்கரையில், ரெசர்வாயர் ஹில்ஸ் பகுதியில் அமைந்த நகராட்சிக் குழிப்பந்தாட்டத் திடலுக்குப் பாப்வா செவ்கோலம் திடல் என்று பெயரிடப்பட்டது.

தென்னாபிரிக்க அரசு, கலை, இலக்கியம், விளையாட்டு ஆகிய துறைகளில் சிறந்தோருக்கு வழங்கும் இக்கமாங்கா விருதை இவருக்கு மறைவுக்குப் பின் வழங்கியது.

தென்னாபிரிக்க நீதிபதி கிறிஸ்தோபர் நிக்கல்சன் எழுதிய செவ்கோலத்தின் வாழ்க்கை வரலாறு 2005 ஆம் ஆண்டு வெளியானது. எழுத்தாளர் மாக்சின் கேசு எழுதிய மற்றொரு வரலாறு 2015 ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவராக வாழ்ந்தவரின் வாழ்வு இவ்வாறு நூல்களில் பதிவாகியுள்ளது.